உழைப்போரும் இசைப் பரீட்சையும்

கற்பதற்கு வயதில்லை என்று மேடைகளில் முழங்குவோர் பலர். ஆயினும், முப்பது வயதைக் கடந்த ஒருத்தி மாலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, அடுப்பிற் சோற்றுப் பானையை ஏற்றியபின் சரளிவரிசைக் கொப்பியை விரித்தாளாயின், "இந்த வயதில் பாட்டு எதற்கு?" என்று முதலிற் கேட்போரும் அவர்களே. நுவரெலியாவிலும் அட்டனிலும், தலவாக்கொல்லையிலும் பொகவந்தலாவையிலும் இந்தக் கேள்விக்கு அஞ்சியே ஆசையை மனத்துள் அடக்கிக்கொண்டோர் உளர். பிள்ளைக் காம்பராவிற் குழந்தைகளைப் பார்ப்பவள், தோட்டத்து ஆபீசிற் கணக்கெழுதுபவர், பட்டணத்துக் கடையில் நிற்பவர், பாலர் பாடசாலையிற் கற்பிப்பவள் என்று அவர்கள் பலதிறத்தார். அவர்களுக்கும் அவர்தம் வீட்டாருக்கும் சில சொல்ல இவ்வாரம் விழைகின்றோம்.

பரீட்சை என்னும் ஏணி

இலங்கைத் தமிழரிடையே இசைப் பரீட்சை என்றதும் நினைவுக்கு வருவது வட இலங்கைச் சங்கீத சபையேயாம். 1930களின் தொடக்கத்தில் தோன்றிய இச்சபை, முதலாம் தரத்திலே தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து ஆசிரியர் தரத்திலே முடிவுறும் பரீட்சைகளால் அறியப்பட்டது. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், நடனம் முதலிய துறைகள் இதனுள் அடங்கும். பாடிக் காட்டுவது மாத்திரம் போதாது. எழுதியும் காட்டல் வேண்டும். அதாவது செயன்முறையும் அறிமுறையும் இரண்டும் உண்டு. ஆசிரியர் தரத்திற் சித்தியடைந்தோர் 'கலாவித்தகர்' என்னும் பட்டத்தைத் தம் பெயருடன் சேர்த்துக்கொள்வர். பெயரில் வட இலங்கை என்றிருப்பினும், வடபகுதிக்கு அப்பால் வாழும் தமிழரும் இப்பரீட்சைகளுக்குத் தோற்றுகின்றனர்.

அரசாங்கப் பரீட்சைகளிலும் இசைக்கு இடமுண்டு. கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சையின் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் கர்நாடக சங்கீதம் ஒரு பாடமாகும். இதற்கும் மேலே செல்ல விரும்புவோர்க்கு யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் 1960ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இராமநாதன் இசைக் கல்லூரி இருந்தது. மகாராஜபுரம் சந்தானம் அவர்கள் அதன் அதிபராகப் பணியாற்றியதைப் பெரியோர் பலரும் அறிவர். பின்னர் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து நுண்கலைப் பீடமாக வளர்ந்தது. மட்டக்களப்பிலே சுவாமி விபுலாநந்தர் பெயரால் 1982ஆம் ஆண்டு தொடங்கிய இசை நடனக் கல்லூரியும் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து நிற்கின்றது.

இவையெல்லாம் சிறந்த நிலையங்களே. ஆனால் நாள் முழுதும் இருந்து கற்க வேண்டிய இடங்கள். மாதச் சம்பளத்தையோ நாட்சம்பளத்தையோ நம்பியிருக்கும் ஒருவர், வேலையை விட்டு, வீட்டை விட்டு, மலையை விட்டிறங்கி அங்கே சென்று தங்குதல் எளிதன்று. ஆதலாற்றான் தரந்தரமாக எழுதும் பரீட்சை உழைப்போர்க்கு உகந்த ஏணியாகின்றது. ஒரு படியில் இரண்டு ஆண்டு நின்றாலும் ஏணி விழுந்துவிடுவதில்லை.

இப்படியான பரீட்சை முறையை, "கலையைக் கடைச்சரக்காக்கிய முறை" என்று பழிப்பாரும் உளர். அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முற்காலத்தில் இசை கற்க விரும்பியவன் இளவயதிலே குருவின் இல்லஞ் சென்று, பணிவிடை செய்து, பன்னிரண்டு ஆண்டு காத்திருத்தல் வழக்கம். அந்த வாயில் யாவர்க்கும் திறந்திருக்கவில்லை. பிறப்பும் பாலும் பொருளும் அங்கே குறுக்கே நின்றன. விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901ஆம் ஆண்டு மே மாதம் லாகூரிலே காந்தர்வ மகாவித்தியாலயத்தைத் தொடங்கியபோது, இசையைப் பொதுமக்கள் பள்ளியிலே கற்கலாம் என்னும் எண்ணம் வட இந்தியாவில் வேரூன்றியது. இங்கிலாந்திலோ திரினிற்றிக் கல்லூரி 1877ஆம் ஆண்டிலேயே வெளியாருக்கு இசைப் பரீட்சை நடத்தத் தொடங்கிவிட்டது. அங்குள்ள இராயல் இசைக் கல்லூரிகளின் இணைந்த சபை 1889இல் எழுந்தது. அச்சபையின் எட்டுத் தரங்களில் ஒரு விதி கவனிக்கத்தக்கது: ஆறாம் தரத்துச் செயன்முறைக்குத் தோற்ற விரும்புவோர், ஐந்தாம் தர அறிமுறையிலோ அதற்கு ஈடான ஒன்றிலோ முன்னதாகச் சித்தியடைந்திருத்தல் வேண்டும். கை மட்டும் ஓடி அறிவு பின்தங்குதல் கூடாது என்பதே அதன் கருத்து.

ஆகவே பரீட்சை கலையைக் கொல்வதன்று. அது வாயிலைத் திறந்து வைப்பது; உள்ளே சென்று எதைச் செய்கின்றோம் என்பது நம்மைப் பொறுத்தது.

வயது தடையாகுமா?

வேறு தொழில் பார்த்துக்கொண்டே இசைக்கு உழைத்தோர் வரலாற்றில் அரியரல்லர். வட இந்திய இசைக்கு இலக்கணம் வகுத்த விஷ்ணு நாராயண் பாத்கண்டே, சட்டம் பயின்று வழக்கறிஞராயிருந்தவர். அவர் 1904ஆம் ஆண்டு தென்னாட்டிலே சுற்றுப்பயணஞ் செய்து, வேங்கடமகியின் எழுபத்திரண்டு மேளகர்த்தா முறையை அறிந்துகொண்டு சென்றார். அப்போது அவருக்கு வயது நாற்பதுக்கு மேல்.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரை எடுத்துக்கொள்வோம். ஆசிரியராகத் தொழில் தொடங்கிச் சித்த மருத்துவராகப் பெயர் பெற்றவர் அவர். மருந்தால் ஈட்டிய பொருளை இசை மாநாடுகளுக்குச் செலவிட்டு, 1917ஆம் ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். அப்போது அவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். இசைவாணர் எஸ். இராமநாதன் அவர்களோ, சிலப்பதிகாரத்து இசையை ஆராய்ந்து அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றிற் கலாநிதிப் பட்டம் பெற்றபோது ஐம்பது வயதைத் தாண்டியவர்.

நம் நாட்டவரான சுவாமி விபுலாநந்தரின் வாழ்க்கை இன்னும் நெருக்கமான உதாரணம். காரைதீவிலே 1892இற் பிறந்த அவர், துறவு பூணுமுன் மயில்வாகனம் என்னும் பெயருடன் ஆசிரியத் தொழில் புரிந்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையில் 1916ஆம் ஆண்டு சித்தியடைந்தார். இலங்கையிலிருந்து அதிற் சித்தியடைந்தவருள் அவரே முதல்வர் என்பர். விஞ்ஞானப் பட்டத்தையும் அவ்வாறே உழைத்துக்கொண்டே பெற்றார். கணிதமும் பௌதிகமும் கற்ற அந்த மூளைதான், மறைந்துபோன யாழின் நரம்புகளைக் கணக்கிட்டு 'யாழ் நூல்' எழுதியது. நூல் 1947ஆம் ஆண்டு யூன் மாதம் அரங்கேறியது. மறுமாதம் ஆசிரியர் மறைந்தார். பரீட்சைக்குப் படித்த பழக்கம் ஒருவரை எத்துணைத் தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவர்களெல்லாம் பேரறிஞர், நாமோ சாதாரணர் என்று சொல்லலாம். உண்மையே. ஆனால் இவர்களுக்கும் ஒரு நாளைக்கு இருபத்துநான்கு மணிநேரமே இருந்தது.

வயது வந்தோர்க்கு இசையில் ஒரு குறையும் ஒரு நிறையும் உண்டு. பிள்ளைகளின் குரலும் விரலும் வளைவதுபோல் நம்முடையவை விரைவில் வளையமாட்டா. கமகம் படிவதற்குக் காலம் செல்லும். ஆனால் ஒன்றன் காரணத்தைச் சொன்னால் வளர்ந்தவர் உடனே பிடித்துக்கொள்வர். பத்து வயதுப் பிள்ளை தாளத்தை அடித்தடித்துப் பழகும். முப்பது வயதுக்காரர் அதன் கணக்கை அறிந்து பழகுவர். பரீட்சையின் அறிமுறைப் பகுதி வளர்ந்தவருக்குக் கைகொடுப்பது இதனாலேயே.

கற்கும் வகை

கணக்கு என்றோம். துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் எனத் தாளங்கள் ஏழு. திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என ஜாதிகள் ஐந்து. ஏழை ஐந்தாற் பெருக்க முப்பத்தைந்து. இதை மனனஞ் செய்ய அஞ்சுவோர், ஜாதி மாறும்போது இலகுவின் எண்ணிக்கை மட்டுமே மாறுகின்றது என்பதை அறிந்துகொண்டால் அச்சம் நீங்கும். சதுஸ்ர ஜாதித் திரிபுடையில் இலகு நான்கு, துருதங்கள் இரண்டிரண்டு, ஆக எட்டு. இதுவே நாம் ஆதிதாளம் என்பது. கண்ட ஜாதி அடதாளத்தில் ஐந்தும் ஐந்தும் இரண்டும் இரண்டுமாகப் பதினான்கு. ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டு எழுதினால் அரைமணியில் முப்பத்தைந்தும் விளங்கிவிடும்.

மேளகர்த்தாக்களுக்கும் வழியுண்டு. இராகப் பெயரின் முதலிரண்டு எழுத்துகளை எண்ணாக்கி, அவற்றைத் தலைகீழாக்கினால் மேளத்தின் எண் கிடைக்கும். இதுவே கடபயாதி முறை. மாயாமாளவகௌளையில் 'மா' ஐந்து, 'யா' ஒன்று. ஐம்பத்தொன்றைத் திருப்பப் பதினைந்து. மேசகல்யாணியில் 'மே' ஐந்து, 'ச' ஆறு, திருப்ப அறுபத்தைந்து. ஆனால் தமிழில் மட்டும் கற்போர் ஓரிடத்தில் இடறுவர். தீரசங்கராபரணத்திலுள்ள 'தீ' தமிழெழுத்தில் ஒன்றேயாயினும், வடமொழியில் தகர வரிசையின் நான்காம் ஒலியாதலால் அதற்கு எண் ஒன்பது. 'ர' இரண்டு. திருப்பினால் இருபத்தொன்பது. இத்தகைய இடங்களை ஆசிரியரிடம் கேட்டுக் கொப்பியிற் குறித்து வைத்தல் நலம்.

பயிற்சிக்கு நேரம் எங்கே என்று கேட்பர். காலையிற் பெரட்டுக்கு ஆயத்தமாக வேண்டும். மாலையில் வீட்டு வேலை காத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிநேரம் பாடுவதைவிட, நாளொன்றுக்கு இருபது நிமிடம் பாடுவதே பலன் தரும். விடியற்காலைக் குளிரிற் குரல் இறுகியிருக்கும். எடுத்தவுடன் மேல்ஸ்தாயிக்குப் பாயாமல், ஆதார ஷட்ஜத்தை நீளப் பிடித்து, மந்தரத்தில் இறங்கி, மெல்ல மேலே ஏறுதல் வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்குள்ள குளிரும் பனிமூட்டமும் தொண்டையை மட்டுமன்றி வாத்தியங்களையும் வாட்டும். மிருதங்கத்தின் தோல் ஈரத்தால் தளர்ந்து சுருதி இறங்கும். அதற்காக அடுப்பருகே கொண்டுபோய்க் காய்ச்சினால் தோல் வெடிக்கும். வீணையை வெப்பத்தில் வைத்தால் மெழுகு இளகி மெட்டுகள் இடம்பெயரும். கம்பளித் துணியாற் சுற்றி, தரையிலிருந்து உயர்த்தி வைத்தலே தக்க காவல்.

லயத்து வீட்டில் ஒரு சுவருக்கு அப்பால் அயலார் உறங்குவர். உரத்துப் பாட இயலாத வேளையிலே வாய்க்குள் ஸ்வரஞ் சொல்லித் தாளம் போடலாம். கொழுந்து பறிக்கும்போது கை ஓயாது. ஆனால் நாவு சும்மாவே இருக்கின்றது. தகிட என்று மூன்றும், தகதிமி என்று நான்கும், தகதகிட என்று ஐந்தும், தகிடதகதிமி என்று ஏழும், தகதிமிதகதகிட என்று ஒன்பதும் மனத்துள் ஓடவிட்டால், மலைச்சரிவே வகுப்பறையாகிவிடும். எழுதும் பகுதிக்கு இராக லட்சணங்களைச் சிறு அட்டைகளில் எழுதிக்கொண்டால், அட்டன் பஸ்ஸிற் செல்லும் நேரமும் வீணாகாது.

இக்காலத்திற் கைபேசியிலேயே சுருதி ஒலிக்கின்றது; தொலைவிலுள்ள ஆசிரியர் அதன் வழியே பாடங் கேட்கின்றார். இவ்வசதி நல்லதே. ஆனால் கைபேசி ஒலிப்பது போலவே பாடினோம் என்று நாமே தீர்ப்பளித்துக் கொள்ளலாகாது. மாதத்துக்கு ஒரு முறையேனும் ஆசிரியர் முன் நேரே அமர்ந்து பாடுதல் இன்றியமையாதது. தாளம் போடும் கை தளர்வதையும், மூச்சு வாங்கும் இடம் பிழைப்பதையும் நேரே காண்பவரே திருத்துவர்.

நம்மிடமுள்ள முதல்

மலையக மாணவர் பலரிடம் ஒரு தாழ்வெண்ணம் காணப்படுகின்றது. கர்நாடக சங்கீதம் எங்கோ பட்டணத்து மண்டபங்களுக்கு உரியது; நமக்கு அதிற் பரம்பரையில்லை என்பது அவர் எண்ணம். இது தவறான கணக்கு. மாசி மாதத்திற் காமன் கூத்து நடக்கும் தோட்டத்திலே பிறந்தவர், தப்பின் அடியை நடக்கப் பழகுமுன்பே கேட்டவர். பொன்னர் சங்கர் கூத்தும், அர்ச்சுனன் தபசும், தாலாட்டும், ஒப்பாரியும், தெம்மாங்கும் அவர் செவியில் ஊறியவை. லயம் அவருக்குப் புதிதன்று. அதன் பெயர்தான் புதிது.

நாட்டுப்புற மெட்டுக்கும் இராகத்துக்கும் உள்ள உறவு நெடியது. தாலாட்டுக்கு நீலாம்பரியும், பாம்பாட்டியின் மகுடிக்குப் புன்னாகவராளியும், துயரத்துக்கு முகாரியும் உரியனவென்று சொல்வது மரபு. செஞ்சுருட்டியிலும் ஆனந்தபைரவியிலும் நாட்டு மெட்டின் சாயல் இன்றும் கேட்கின்றது. ஆதலால் பாடத்திட்டத்தில் ஓர் இராகம் வரும்போது, வீட்டிலுள்ள பாட்டியைத் தாலாட்டொன்று பாடச் சொல்லிக் கேளுங்கள். எந்த ஸ்வரம் எங்கே நிற்கின்றது என்று தேடுங்கள். பரீட்சைக்கும் அது பயன்படும். பாட்டியின் பாட்டும் பிழைக்கும். தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்த ஸி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் செய்த தொண்டு அத்தகையதே. தப்படிக்கும் பெரியவருக்கு எந்தச் சபையும் பட்டம் வழங்கியதில்லை என்பதற்காக, பட்டம் பெற்ற பேரன் அவரை இகழ்வானாயின், அவன் கற்றது இசையாகாது.

செலவும் பயனும்

பயனைப்பற்றி மறைக்காமற் பேசுவோம். கலாவித்தகர் பட்டம் பெற்றவுடன் அரசாங்க ஆசிரிய நியமனம் வீடுதேடி வரும் என்று சிலர் நம்புகின்றனர். அவ்வாறு சொல்லி மாணவர் சேர்ப்போரும் இருத்தல் கூடும். நியமனங்களுக்கு வேண்டிய கல்வித் தகைமையும் வயதெல்லையும் அவ்வப்போது வர்த்தமானியில் அறிவிக்கப்படுபவை. அதைப் படித்தறியாமல் எவரும் உள்ள வேலையை விட்டுவிடலாகாது. ஆசிரியராகும் நோக்கமுடையோர் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் ஏனைய பாடங்களையும் சேர்த்தே நினைத்தல் வேண்டும். அப்பரீட்சைகளுக்குப் பாடசாலையை விட்டவர்கள் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாக விண்ணப்பிக்கலாம்.

எனினும் பட்டத்தாற் பயனில்லை என்பதும் பிழை. தோட்டப் பாடசாலைகள் நீண்ட காலம் ஓராசிரியருடன் ஐந்தாம் வகுப்போடு நின்றவை. 1970களின் பிற்பகுதியிலிருந்தே அவை படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. அங்கே எழுத்துக்கும் எண்ணுக்குமே நேரம் போதாதிருந்த காலத்தில் இசைக்கு இடமேது? அவ்வாறு இழந்த தலைமுறையின் பிள்ளைகளுக்குக் கற்பிக்க, அவ்வூரிலேயே கற்றவர் ஒருவர் வேண்டும். அறநெறி வகுப்பிலே தேவாரம் முறையாகச் சொல்லிக்கொடுக்கவும், மாரியம்மன் திருவிழாவிற் பிள்ளைகளைப் பாடவைக்கவும், மாலையில் நான்கு பிள்ளைகளுக்கு வரிசைகள் கற்பிக்கவும் அந்தப் படிப்பு துணைநிற்கும். பட்டணத்திலிருந்து ஓர் ஆசிரியர் மலையேறி வருவாரென்று காத்திருப்பதைவிட இது நிச்சயமான வழி.

செலவைக் குறித்தும் ஒரு சொல். தொடக்கத்திலேயே வீணை வாங்க வேண்டுமென்று நகையை அடகு வைத்தல் கூடாது. வட்டிக்குக் கடன் வாங்குதல் அதனினும் தீது. வாய்ப்பாட்டுக்கு வாத்தியம் வேண்டாம். சுருதியும் ஆசிரியரும் போதும். முதலிரு தரங்களை அவ்வாறு கடந்தபின், ஆர்வம் நிலைத்ததா என்று பார்த்து, வாத்தியத்துக்குச் சிறிது சிறிதாகச் சேமிக்கலாம். விண்ணப்பக் கட்டணமும் பயணச் செலவும் எவ்வளவென்று ஆண்டின் தொடக்கத்திலேயே அறிந்து ஒதுக்கி வைப்போர், கடைசி வாரத்தில் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியிராது.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்

இவையெல்லாம் சொன்னபின்னும், ஒருவர் கற்பதும் கைவிடுவதும் பெரும்பாலும் வீட்டிலேயே தீர்மானிக்கப்படுகின்றன. ஆண்மகன் மிருதங்க வகுப்புக்குப் போனால், "போய்வரட்டும்" என்பர். பெண் போனால், "சோறு யார் ஆக்குவது?" என்பர். காலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, மலையிலே நாள் முழுதும் நின்று, திரும்பி வந்து மீண்டும் அடுப்பை மூட்டுபவளுக்கு இருபது நிமிடம் தானாகக் கிடைத்துவிடாது. அதை வீட்டார் எடுத்துக் கொடுத்தல் வேண்டும். கணவன் தண்ணீர் எடுத்து வரலாம். மூத்த பிள்ளை விறகு அடுக்கலாம். மாமியார் அந்த இருபது நிமிடமும் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். இவற்றால் எவருடைய மதிப்பும் குறைந்துவிடாது.

அயலாரின் சிரிப்பை எண்ணி வெட்கப்படுவோரும் உளர். முதலாம் தரப் பரீட்சைக்குப் பத்து வயதுச் சிறுமியரோடு வரிசையில் நிற்கும் முப்பத்தைந்து வயதுத் தாயைப் பார்த்து யாரேனும் சிரித்தால், சிரிக்கட்டும். அவள் மகள் அதைப் பார்த்துச் சிரிக்கமாட்டாள். தன் தாய் பரீட்சைக்குப் படித்ததைக் கண்ட பிள்ளைக்கு, "படி, படி" என்று பிறகு எவரும் சொல்லத் தேவையிராது.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்வோம். உங்கள் வீட்டில் பெரியவர் ஒருவர் இசை கற்க முயல்வாராயின், அறிமுறைக் கேள்விகளை நீங்கள் வாசித்து அவரை விடை சொல்லச் செய்யுங்கள். உங்களுக்குப் பள்ளியிற் கற்பித்த தாளக் கணக்கை அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். கற்பிக்கும்போதே கற்றது நிலைக்கும்.

ஒரு தரத்திற் சித்தி தவறினால் அடுத்த முறை உண்டு. பட்டம் கிடைக்காமலே போனாலும், கற்ற வரிசையும் கீதமும் வர்ணமும் தொண்டையை விட்டுப் போவதில்லை. குளிரிலும் மழையிலும் உழைத்து இந்நாட்டுக்குப் பொருளீட்டித் தந்த மக்கள், தமக்கென ஒரு நாளில் இருபது நிமிடம் கேட்பது பேராசையன்று. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் முதலில் வீட்டிலுள்ளவர்களே. இவ்வாரமே கொடுக்கத் தொடங்குவோமாக.